ஹென்றி வந்தார், மர்ரே போனார்: ரூக்கி ரன்னிங் பேக் ஸ்டார்ட்டரின் வேலையைப் பறிக்கிறாரா?

நாஷ்வில்வாசி (பதிவு 1)

ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாள் இதே பேச்சுதான். ஓர் அணி இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ ஒரு ரன்னிங் பேக்கை (பந்தைச் சுமந்து ஓடுபவரை) எடுத்தால் போதும், ஏற்கெனவே அங்கே முதலில் இறங்கி ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டரின் கதை முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை பறிபோவது உண்மைதான். ஆனால் முதல் வருடத்தில் அந்தப் புதுப் பையன், அதாவது ரூக்கி, கையால் அது நடப்பது குறைவு. எங்கள் டென்னசி டைட்டன்ஸில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

டெமார்கோ மர்ரேயை நினைவிருக்கும். 2014இல் டாலஸ் கவ்பாய்ஸுக்காக 392 முறை பந்தைச் சுமந்து 1,845 யார்டு ஓடியவர். அந்த வருடத்தின் சிறந்த தாக்குதல் வீரர் விருதும் அவருக்குத்தான். அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியா போனார். அந்த ஆட்ட முறை அவருக்குப் பொருந்தவில்லை, 702 யார்டில் நின்றுவிட்டார். 2016 மார்ச்சில் டைட்டன்ஸ் அவரை வாங்கியது. நான்காம் சுற்றுத் தேர்வுகளை இரு அணிகளும் மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான் விலை.

அப்புறம் டிராஃப்ட் வந்தது. முதல் தேர்வை ராம்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு டைட்டன்ஸ் வாங்கியிருந்த தேர்வுகளில் ஒன்று 45ஆவது. அதில் டெரிக் ஹென்றியை எடுத்தார்கள். அலபாமா பல்கலைக்கழக அணியில் ஒரே சீசனில் 2,219 யார்டு, 28 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது), கையில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. 6 அடி 3 அங்குலம் உயரம், 247 பவுண்டு எடை. மர்ரே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் அலுவலகத்தில் எல்லோரும் "பாவம் மர்ரே" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்தது என்ன? 2016இல் மர்ரே 293 முறை ஓடி 1,287 யார்டு எடுத்தார். லீகின் இரு பாதிகளில் ஒன்றான ஏஎஃப்சி பிரிவில் அவர்தான் முதலிடம். 53 பாஸும் பிடித்தார். ஹென்றிக்குக் கிடைத்தது 110 ஓட்டம், 490 யார்டு. முந்தைய வருடம் 3 வெற்றி, 13 தோல்வி என்று கிடந்த அணி 9-7 ஆனது. அடுத்த வருடம்தான் தராசு சாய்ந்தது. மர்ரே 184 முறை ஓடி 659 யார்டு, ஹென்றி 176 முறை ஓடி 744. 2018 மார்ச்சில் மர்ரேயை விடுவித்தார்கள். ஜூலையில் அவர் ஓய்வையே அறிவித்துவிட்டார்.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். மர்ரேயை வைத்திருந்தால் 2018க்கு மட்டும் 6 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். ஹென்றியின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 5.4 மில்லியன். எந்தப் பொது மேலாளரும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

ஆக என் கருத்து: ரூக்கி வந்த வருடம் ஸ்டார்ட்டர் பயப்பட வேண்டியதில்லை. தன் ஒப்பந்தத்தில் உத்தரவாதப் பணம் (அணி விடுவித்தாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம்) தீரும் வருடம் எது என்று பார்த்து, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நட்சத்திரநீலம் (பதிவு 2)

அண்ணா, உங்கள் விதி இரண்டாம் சுற்றுக்குக் கீழே சரி. முதல் சுற்றின் தொடக்கத்தில் எடுத்தால்?

2015இல் எங்கள் டாலஸில் டேரன் மெக்ஃபேடன் 239 முறை ஓடி 1,089 யார்டு எடுத்தார். மர்ரே விட்டுப்போன இடத்தை அவர்தான் நிரப்பினார். 2016இல் நான்காவது தேர்வாக எசிக்கியல் எலியட்டை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலிருந்தே அவர்தான் ஸ்டார்ட்டர். 322 ஓட்டம், 1,631 யார்டு, 15 டச்டவுன், லீகிலேயே முதலிடம். மெக்ஃபேடனுக்கு அந்தக் கோடையில் முழங்கை எலும்பு முறிந்தது என்பது உண்மை. ஆனால் முறியாமல் இருந்தாலும் அவருக்கு அந்த வேலை இருந்திருக்காது.

நான்காவது தேர்வைச் செலவழிக்கும் அணி அந்தப் பையனை உட்கார வைத்து வேடிக்கை பார்க்காது.

நாஷ்வில்வாசி (பதிவு 3)

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. முதல் பத்துப் பன்னிரண்டு தேர்வுக்குள் எடுக்கப்பட்டவர் வேறு கணக்கு. 2007இல் மின்னசோட்டாவும் அப்படித்தான். செஸ்டர் டெய்லர் முந்தைய வருடம் 1,216 யார்டு ஓடியிருந்தார். ஏழாவது தேர்வாக ஏட்ரியன் பீட்டர்சன் வந்தார். நவம்பர் 4 அன்று சான் டியாகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 296 யார்டு ஓடினார். அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

ஆனால் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? இங்கே நாம் பேசுவதில் பெரும்பாலானோர் இரண்டாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை எடுக்கப்படும் பையன்கள்.

முதல்சீசன் (பதிவு 4)

நான் போன வருடம்தான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன், தவறாகக் கேட்டால் திருத்துங்கள். ஹென்றி 2017இல் ஓட்டத்துக்கு 4.2 யார்டு, மர்ரே 3.6. யார் நன்றாக ஓடுகிறார் என்று வெளிப்படையாகத் தெரிகிறதே. பிறகு ஏன் அந்த சீசன் முழுக்க மர்ரேயையே முதலில் இறக்கினார்கள்? மூன்றாம் டவுன் மூன்றாம் டவுன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் ரன்னிங் பேக்குக்கு என்ன வேலை? பந்தைத் தூக்கித்தானே எறியப் போகிறார்கள்?

பயிற்சித்திடல் (பதிவு 5)

அருமையான கேள்வி அக்கா. இந்த விவாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் ரன்னிங் பேக். ஆட்டங்களைப் படம் பிடித்து, பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து பார்க்கும் வேலையை நான் மூன்று வருடமாகச் செய்கிறேன். அதற்கு முன் நானும் ஓடுவதை மட்டும்தான் பார்ப்பேன்.

பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாம் டவுன், இன்னும் எட்டு யார்டு வேண்டும் என்று வையுங்கள். பாஸ்தான் வரும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் காவலாக ஐந்து லைன்மேன்கள். எதிரணி ஐந்து பேரை அனுப்பினால் ஆளுக்கு ஒருவர் என்று சமாளிக்கலாம். ஆறாவது ஆளை அனுப்பினால்? அந்த ஆறாவது ஆள் ரன்னிங் பேக்கின் பொறுப்பு.

அந்த ஆறாவது ஆள் யார் என்று எவரும் சொல்லமாட்டார்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரர்களான இரண்டு லைன்பேக்கர்கள், நடு லைன்மேனான சென்டரின் இரு பக்கமும் வந்து நின்று பயமுறுத்துவார்கள். பந்து புறப்பட்டதும் ஒருவர் பின்வாங்குவார், ஒருவர் பாய்வார். சில சமயம் இருவரும் பின்வாங்கி, ஓரத்திலிருந்து வேறொருவர் வருவார். ரன்னிங் பேக் முதலில் உள்ளே பார்க்க வேண்டும், ஏனென்றால் நடுவில் வருபவருக்குத்தான் குவார்ட்டர்பேக் மிக அருகில். உள்ளே யாரும் வரவில்லையென்றால் வெளியே பார்க்க வேண்டும். அங்கேயும் யாரும் இல்லையென்றால் தானே ஓடிப்போய் ஒரு குட்டி பாஸுக்குக் கையை நீட்ட வேண்டும். இத்தனையும் இரண்டரை விநாடிக்குள். அதிலும் சரியான ஆளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. 240 பவுண்டு ஆள் ஓடிவந்து மோதும்போது நின்று தாங்க வேண்டும்.

கல்லூரியில் பல அணிகளின் ஆட்டம் விரிந்த அமைப்பு, பந்து சட்டென்று கையை விட்டுப் போய்விடும். அங்கே பேக்கிடம் இந்த வேலையை யாரும் அதிகம் கேட்பதில்லை. ஆகவே பெரும்பாலான ரூக்கிகள் இதைப் புதிதாகத்தான் கற்கிறார்கள். இன்று முன்னணி குவார்ட்டர்பேக்குகளின் வருடச் சம்பளம் 50 மில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு ஆளைத் தவறவிட்டால் அந்த 50 மில்லியன் மருத்துவமனைக்குப் போகும். எந்தப் பயிற்சியாளர் துணிவார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மே, ஜூன் மாதங்களில் "புதுப் பையன் பிரமாதமாக ஆடுகிறான்" என்று செய்தி வரும். அப்போது நடப்பது உடலில் பாதுகாப்பு பேட் மாட்டாத பயிற்சி. யாரும் யாரையும் மோதுவதில்லை. ஜூலைக் கடைசியில் பேட் மாட்டியபின், லைன்பேக்கரையும் ரன்னிங் பேக்கையும் நேருக்கு நேர் நிறுத்தி மோதவிடும் பயிற்சி ஒன்று உண்டு. அன்றைக்கு யார் நின்றார், யார் விழுந்தார் என்று விசாரியுங்கள். மே மாதச் செய்திகளை நான் படிப்பதையே விட்டுவிட்டேன்.

நாஷ்வில்வாசி (பதிவு 6)

இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. மர்ரே 53 பாஸ் பிடித்த வருடம் ஹென்றி பிடித்தது 13. அப்போதைய பயிற்சியாளர் முலார்க்கி மர்ரேயை வெளியே எடுக்கத் தயங்கியதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஹென்றி 2,027 யார்டு ஓடிய 2020இல்கூட மூன்றாம் டவுன் என்றால் பெரும்பாலும் வெளியே வந்துவிடுவார், வேறொருவர் உள்ளே போவார். அதாவது மர்ரே செய்த முழு வேலையை ஹென்றி ஒருநாளும் செய்ததில்லை. அந்த வேலையை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அவரிடம் கொடுத்தார்கள்.

மைல்ஹை (பதிவு 7)

டென்வரிலிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லோரும் ஆளுக்கும் ஆளுக்கும் போட்டி என்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் 1990களில் கற்றுக்கொண்டது வேறு.

1995இல் ஆறாம் சுற்றில், 196ஆவது தேர்வாக டெரல் டேவிஸ் வந்தார். யாருக்கும் அவரைத் தெரியாது. டோக்கியோவில் நடந்த சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் கிக்ஆஃபின்போது ஓடிப்போய் ஒரு ஆளைச் சாய்த்தார். அந்த ஒரு மோதலில் பயிற்சியாளர்கள் கண்ணில் பட்டார். சீசன் தொடங்கும்போது அவர்தான் ஸ்டார்ட்டர், அந்த வருடம் 1,117 யார்டு. 1998இல் 2,008 யார்டு.

1999இல் அவர் முழங்கால் போனது. ரூக்கி ஓலாண்டிஸ் கேரி வந்து 1,159 யார்டு ஓடினார். 2000இல் முதல் ஆட்டத்திலேயே கேரியின் முழங்காலும் போனது. இன்னொரு ரூக்கி, கடற்படைக் காலாட்படையில் இருந்துவிட்டு வந்த மைக் ஆண்டர்சன், 1,487 யார்டு ஓடினார். 2002இல் கிளின்டன் போர்ட்டிஸ், அவரும் ரூக்கி, 1,508.

இதற்குப் பின்னால் இருந்தவர்கள் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹனும், லைன்மேன்களுக்குப் பயிற்சி கொடுத்த அலெக்ஸ் கிப்ஸும். ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாகச் சேர்ந்து நகர்வார்கள். பேக் பொறுமையாகப் பார்த்து, ஒரே ஒரு முறை வெட்டித் திரும்பி மேலே ஓட வேண்டும். அந்த ஒரு வெட்டைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் ஆயிரம் யார்டு. அப்படிப்பட்ட அணியில் ஸ்டார்ட்டருக்கு எப்போதும் ஆபத்துதான், ஏனென்றால் பாதி யார்டு அவருடையதே இல்லை.

நட்சத்திரநீலம் (பதிவு 8)

மைல்ஹை, டேவிஸ் அப்படியில்லை. அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார், கேரியும் ஆண்டர்சனும் இல்லை. அதே லைனுக்குப் பின்னால் 2,000 தாண்டியவர் அவர் ஒருவர்தான்.

மைல்ஹை (பதிவு 9)

சரி, அது நியாயம். டேவிஸைக் குறைத்துச் சொல்லவில்லை.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று தருகிறேன், நாஷ்வில்வாசியின் விதிக்கு நேர் சோதனை. 2021இல் மெல்வின் கார்டன் எங்கள் ஸ்டார்ட்டர். 35ஆவது தேர்வாக ஜவான்டே வில்லியம்ஸ் வந்தார். சீசன் முடிவில் கார்டன் 203 ஓட்டம், வில்லியம்ஸ் 203 ஓட்டம். கார்டன் 918 யார்டு, வில்லியம்ஸ் 903. இதைவிடச் சமமாக ஒரு வேலையைப் பங்கு போட முடியாது. பார்க்க எங்களுக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் வில்லியம்ஸைப் பிடித்துக் கீழே தள்ளவே மூன்று பேர் வேண்டியிருந்தது.

2022 அவருடைய வருடம் என்று நினைத்தோம். அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் அவர் முழங்கால் கிழிந்தது. அதே ஆட்டத்தில் கார்டன் பந்தைக் கைவிட்டார், எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டது. நவம்பரில் மறுபடி அதே லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸோடு ஆட்டம், கோல் கோட்டருகே மறுபடி கைவிட்டார். மறுநாளே விடுவித்துவிட்டார்கள். இவர் இடத்தை எடுக்க வேண்டியவர் ஊன்றுகோலோடு இருந்தார். ஆனாலும் இவருக்கு வேலை மிஞ்சவில்லை.

தலைவர்நகர் (பதிவு 10)

கைவிடுவதைப் பற்றி வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன், கன்சாஸ் சிட்டி ரசிகன். ரூக்கிக்கு மிகப் பெரிய எதிரி ஃபம்பிள்தான்.

2012இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் முதல் சுற்றின் கடைசித் தேர்வாக டேவிட் வில்சனை எடுத்தது. மின்னல் வேகம். டாலஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே பந்தைக் கைவிட்டார். பயிற்சியாளர் டாம் காஃப்லின் உட்கார வைத்தார். ஸ்டார்ட்டர் அஹ்மத் பிராட்ஷா அந்த வருடம் 1,015 யார்டு ஓடினார், ரூக்கி வேடிக்கை பார்த்தார்.

2017இல் எங்கள் கரீம் ஹன்ட், மூன்றாம் சுற்று. ஸ்டார்ட்டர் ஸ்பென்சர் வேர் சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டு விழுந்ததால் இவரைப் போட்டார்கள். நியூ இங்கிலாந்தில், லீகின் முதல் ஆட்டம், தன் முதல் ஓட்டம், பந்தைக் கைவிட்டார். என் வீட்டில் அப்படியே மௌனம். பயிற்சியாளர் ஆண்டி ரீட் அவரை உட்கார வைக்கவில்லை. அந்த இரவு முடியும்போது 148 யார்டு ஓட்டம், 98 யார்டு பாஸ், மூன்று டச்டவுன். சீசன் முடிவில் 1,327 யார்டோடு லீகில் முதலிடம்.

இருவரும் செய்த தவறு ஒன்றுதான். வேர் நலமாக இருந்திருந்தால் ரீட் என்ன செய்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். பிராட்ஷா பக்கத்தில் நின்றிருந்ததால்தான் காஃப்லினால் வில்சனை உட்கார வைக்க முடிந்தது. ஸ்டார்ட்டர் நலமாக இருப்பதே ரூக்கிக்குப் பெரிய தடை.

ஆறாம்வாரம் (பதிவு 11)

எனக்கு ஃபேன்டசி அணிக்காக (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் எடுப்பதை வைத்து ஆடும் போட்டி) ஒரு நேரடிப் பதில் வேண்டும். ரூக்கியை எடுப்பதா, ஸ்டார்ட்டரை எடுப்பதா?

பயிற்சித்திடல் (பதிவு 12)

முதல் பாதி சீசனுக்கு ஸ்டார்ட்டர். பெஞ்சில் இடம் இருந்தால் ரூக்கியை எடுத்து நவம்பர் வரை பொறுங்கள். ஸ்டார்ட்டர் முப்பதை நெருங்குகிறார் என்றால் கண்டிப்பாகப் பொறுங்கள்.

நட்சத்திரநீலம் (பதிவு 13)

எலியட் கதையின் மறுபாதியை எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். மெக்ஃபேடன் வேலையை முதல் நாளே எடுத்தவர், தன் வேலையை மெதுவாக இழந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது வலித்தது.

2019 கோடையில் எலியட் ஒப்பந்தம் கேட்டு முகாமுக்கு வரவில்லை. மெக்சிகோவில் தனியாகப் பயிற்சி செய்தார். அந்த நேரத்தில் நான்காம் சுற்றில் வந்த டோனி போலார்ட், ஹவாயில் ராம்ஸோடு நடந்த ஆட்டத்தில் ஐந்தே ஓட்டத்தில் 42 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். அணியின் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் எலியட் யார் என்று கேட்பதுபோல ஒரு வார்த்தை சொன்னார். விளையாட்டாகச் சொன்னேன் என்றார் பிறகு. எலியட் தரப்பு அதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் ஆறு வருட நீட்டிப்பு, 90 மில்லியன், அதில் 50 மில்லியன் உத்தரவாதம்.

அன்று எல்லோரும் போலார்ட் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அவர் 2020 தவிர ஒவ்வொரு வருடமும் ஓட்டத்துக்கு ஐந்து யார்டுக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தார். 2021இல் 5.5. எலியட் அந்த வருடம் முழங்காலில் தசைநார் கிழிந்தும் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை, 1,002 யார்டு ஓடினார். 2022இல் போலார்ட் 193 ஓட்டத்தில் 1,007, எலியட் 231 ஓட்டத்தில் 876. கோல் கோட்டருகே மட்டும் இன்னும் எலியட்தான், 12 டச்டவுன். எதிரணி கூடுதல் ஆளைப் பாய விடும் பிளிட்ஸைத் தடுப்பதிலும் அவருக்கு இணை இல்லை. பயிற்சித்திடல் அண்ணா சொன்ன அந்த ஆறாவது ஆளை எலியட் நடுமார்பில் வாங்கி நிறுத்துவார்.

2023 ஜனவரி, சான் ஃபிரான்சிஸ்கோவோடு பிளேஆஃப். முதல் பாதியிலேயே போலார்ட் கால் எலும்பு முறிந்து வெளியேறினார். ஆட்டத்தின் கடைசி முயற்சிக்கு எலியட்டை சென்டர் இடத்தில் நிறுத்தினார்கள். பந்தைப் பின்னால் கொடுத்தவுடன் எதிரே நின்றவர் அவரைத் தள்ளிக் கீழே சாய்த்தார். மார்ச்சில் விடுவித்தார்கள். பின்னால் 2024இல் திரும்பி வந்தார், ஆனால் அது வேறு மனிதர்போல இருந்தது.

நான்கு வருடம் ஆனது அண்ணா. உங்கள் விதிப்படி பார்த்தால் உத்தரவாதப் பணம்தான் அவரை அதுவரை காப்பாற்றியது. ஆனால் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். போலார்ட் அங்கே இல்லாவிட்டால், எலியட் மெதுவாகிறார் என்பதை எதோடு ஒப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள்? ஒரே லைன், ஒரே ஆட்டத் திட்டம், ஒருவர் 3.8, இன்னொருவர் 5.2. ரூக்கி வேலையைப் பறிக்காமல் இருக்கலாம். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலாக நிற்கிறார். அதுவே ஆபத்துதான்.

நாஷ்வில்வாசி (பதிவு 14)

இதை இரண்டு முறை படித்தேன். அளவுகோல் என்று சொன்னது சரி. 2017இல் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அக்டோபரில் இண்டியனாபொலிஸுக்கு எதிராக, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஹென்றி 72 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். மர்ரேக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஓட்டத்துக்கு முன்னால் மர்ரே ஓடியதை யாரும் மெதுவாக என்று சொல்லவில்லை. என் விதியில் அதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

மைல்ஹை (பதிவு 15)

முலார்க்கி ஹென்றியைப் பிடித்து வைத்திருந்தார் என்று அங்கே பலர் இன்னமும் சொல்கிறார்களே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாஷ்வில்வாசி (பதிவு 16)

நான் அப்படி நினைக்கவில்லை, இதில் என் நண்பர்களோடு எனக்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. முலார்க்கி போனபின் 2018இல் மைக் வ்ரேபல் வந்தார். மர்ரேயும் இல்லை. அப்போதாவது முழு வேலை கிடைத்ததா? இல்லை. நியூ இங்கிலாந்திலிருந்து டியான் லூயிஸைப் பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். முதல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஹென்றி ஓடியது 474 யார்டு மட்டுமே. பயிற்சியாளர் மாறினார், பக்கத்து ஆள் மாறினார், ஆனாலும் ஹென்றி இன்னும் தயாராகவில்லை. லைனுக்குப் பின்னால் கால்களைத் தட்டிக்கொண்டு இடம் தேடுவார். அவ்வளவு பெரிய ஆள் அப்படித் தயங்கினால் வேகமே எழாது.

டிசம்பர் 6, வியாழக்கிழமை இரவு, ஜாக்சன்வில்லோடு ஆட்டம். நான் மைதானத்தில் இருந்தேன், நல்ல குளிர். எங்கள் ஒரு யார்டு கோட்டிலிருந்து புறப்பட்டு 99 யார்டு. வழியில் மூன்று பேரைக் கையால் தள்ளிவிட்டுப் போனார். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அன்று 17 ஓட்டம், 238 யார்டு, நான்கு டச்டவுன். சீசனை 1,059இல் முடித்தார். அடுத்த வருடம் 1,540, அதற்கடுத்து 2,027.

டிராஃப்ட் நாளிலிருந்து அந்த இரவு வரை இரண்டரை வருடம். "ரூக்கி வந்துவிட்டார், ஸ்டார்ட்டர் காலி" என்று எழுதுபவர்களுக்கு நான் இந்தக் கால அளவைத்தான் காட்டுவேன்.

தலைவர்நகர் (பதிவு 17)

ஆனால் இப்போதெல்லாம் வேலையை உடைத்துப் பங்கு போடுவதுதானே வழக்கம்? டெட்ராய்ட் லயன்ஸைப் பாருங்கள். 2023இல் டேவிட் மான்ட்கோமரியை மூன்று வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே 12ஆவது தேர்வாக ஜமீர் கிப்ஸ். அந்த வருடம் மான்ட்கோமரி 1,015 யார்டு, 13 டச்டவுன். கிப்ஸ் 945, பத்து டச்டவுன். அடுத்த வருடம் கிப்ஸ் 1,412க்குப் போனார், மான்ட்கோமரிக்கும் 12 டச்டவுன் கிடைத்தது, ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. இருவருக்கும் வயிறு நிறைந்தது.

பயிற்சித்திடல் (பதிவு 18)

இருவருக்கு நிறைந்தது. மூன்றாமவருக்கு? அங்கே ஏற்கெனவே டியான்ட்ரே ஸ்விஃப்ட் இருந்தார். கிப்ஸை எடுத்த இரண்டாவது நாள் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2022இல் 17 டச்டவுன் ஓடி லீகில் முதலாக வந்த ஜமால் வில்லியம்ஸ் அதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார். முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே வேலை போனவர்களை நாம் எண்ணுவதே இல்லை. நாஷ்வில்வாசி அண்ணாவின் "முதல் வருடம் பயமில்லை" என்ற பேச்சில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் என்ன செய்தது? ஏழாம் சுற்றில், 245ஆவது தேர்வாக வந்த க்ராஸ்கி மெரிட் முகாமில் நன்றாக ஓடினார். ஸ்டார்ட்டர் பிரையன் ராபின்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ராபின்சனின் ஒப்பந்தத்துக்கு அதுதான் கடைசி வருடம்.

நாஷ்வில்வாசி (பதிவு 19)

வாஷிங்டன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, என் விதிக்கு அது விலக்கு. ஆனால் கடைசி வாக்கியத்தில் நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

எங்கள் ஊர்க் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் டைட்டன்ஸ் மூன்றாம் சுற்றில் டைஜே ஸ்பியர்ஸை எடுத்தது. ஹென்றிக்கு அப்போது 29 வயது, ஒப்பந்தத்தின் கடைசி வருடம். மர்ரே நின்ற அதே இடத்தில் ஹென்றி. அந்த சீசனில் ஹென்றி 280 ஓட்டம், 1,167 யார்டு. ஸ்பியர்ஸ் 100 ஓட்டம், 453 யார்டு, 52 பாஸ். பார்த்தீர்களா, மறுபடி ஏறக்குறைய அதே 100 ஓட்டம், அதே கதை. 2024 மார்ச்சில் ஹென்றி பால்டிமோர் போனார். அங்கே 1,921 யார்டு ஓடினார். முப்பது வயதில்! அவர் தேய்ந்துவிட்டார் என்று முடிவெடுத்தவர்களை நினைத்து இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்த இடத்துக்கு வந்தது ஸ்பியர்ஸ் என்று நினைப்பீர்கள். இல்லை, டாலஸிலிருந்து டோனி போலார்டைக் கூட்டிவந்தார்கள். தம்பி நட்சத்திரநீலம் சொன்ன அதே போலார்ட்.

நட்சத்திரநீலம் (பதிவு 20)

அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. எங்களுக்குப் பிடித்த பையன்.

முதல்சீசன் (பதிவு 21)

உங்கள் எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 2018 ஜனவரி 6இல் கன்சாஸ் சிட்டியில் டைட்டன்ஸ் ஆடிய பிளேஆஃப் ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். தலைவர்நகர் மன்னிக்கவும். மர்ரேக்கு முழங்கால் அடி, ஆடவில்லை. ஹென்றி ஒருவர்தான். டைட்டன்ஸ் 21-3 என்று பின்தங்கி, கடைசியில் 22-21 என்று வென்றது. டைட்டன்ஸ் குவார்ட்டர்பேக் மாரியோட்டா எறிந்த பந்து எதிரணி ஆள் கையில் பட்டுத் திரும்பி வந்து, அவரே அதைப் பிடித்து டச்டவுன் போட்டதைப் பார்த்து எழுந்தே விட்டேன்.

இந்த இழையைப் படித்த பிறகு பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மூன்றாம் டவுனிலும் ஹென்றி எங்கே நிற்கிறார் என்றே பார்த்தேன். கடைசி இரண்டு நிமிடம் சொச்சம். மூன்றாம் டவுன், பத்து யார்டு வேண்டும். நீங்கள் சொன்ன கணக்குப்படி ஹென்றி வெளியே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நின்று மாரியோட்டாவைக் காக்க வேண்டும். பந்தை ஹென்றியிடமே கொடுத்தார்கள். அவர் ஓரமாகத் திரும்பினார். எதிரே ஒருவர் பிடிக்க வந்தார். அவரைத் தடுத்து விலக்கியது யார் தெரியுமா? மாரியோட்டா. குவார்ட்டர்பேக் ஓடிப்போய் ரன்னிங் பேக்குக்காகத் தோளைக் கொடுத்தார். ஹென்றி 22 யார்டு போனார், ஆட்டம் முடிந்தது.

பயிற்சித்திடல் (பதிவு 22)

அக்கா, அந்தத் துண்டை இன்று மாலை என் மகனுக்குப் போட்டுக் காட்டப்போகிறேன்.